ஓட்டுக்கு நிற்கிற பெண்ணுக்கு எது காவல்?



நம்ம செஞ்சிக் கோட்டையை 1690லிருந்து 1698 வரைக்கும் முகலாயப் படை முற்றுகை போட்டிருந்தது. சத்ரபதி சிவாஜியின் மகன் ராஜாராம் மாறுவேஷத்தில் பயணம் பண்ணித்தான் இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவரைக் காப்பாற்ற மலை, மதில், அகழி, படை எல்லாம் இருந்தது. இப்போது பதவிக்கு வரணும்னா மக்களிடம் ஓட்டுக் கேட்கணும். அப்படித் தெருவில் இறங்குகிற பெண்ணுக்கு மதிலும் இல்லை, அகழியும் இல்லை. அவளுக்கு எது காவல் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

1951-52ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, வட மாநிலங்களில் நிறைய பெண்கள் வெளியாளிடம் தங்கள் பேரைச் சொல்லவில்லை. 'இன்னார் மனைவி, இன்னார் மகள்' என்றே சொன்னார்கள். சொந்தப் பேர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. சுமார் 28 லட்சம் பெண்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது.

1992ல் வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 1996ல் அந்த முறையில் தேர்தல் நடந்தது. 2016ல் அது பாதியாக உயர்ந்தது. நம்ம விழுப்புரம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் பாதி இடம் பெண்களுக்குத்தான். பேர் சொல்லவே கூச்சப்பட்ட காலம் போய், சுவரெல்லாம் நம்ம பேர் வந்துவிட்டது.

ஆனால் பேர் வெளியே வந்தால் ஆபத்தும் கூடவே வருகிறது. மதுரை மாவட்டம் மேலவளவு தனி ஊராட்சியான போது, 1996ல் மனு போட்டவர்கள் பயந்து வாபஸ் வாங்கினார்கள். பிறகு தலைவராக ஜெயித்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் வரும்போது வெட்டிக் கொன்றார்கள். அதே வருஷம் ஏப்ரல் 23ந் தேதி, மதுரை வில்லாபுரம் கவுன்சிலர் லீலாவதியைப் பட்டப்பகலில் கொன்றார்கள். அவர் ஒரு நெசவாளிப் பெண். தன் வார்டு ஜனங்களுக்குக் குடிதண்ணீர் வரப் போராடினார். நாம் குடம் தூக்கி நிற்கிற அதே பிரச்சினைதான்.

உயிருக்கு வருகிற ஆபத்து ஒன்று. மானத்துக்கு வருகிற ஆபத்து இன்னொன்று. பெண் நின்றால் அவள் செய்த வேலையைப் பேச மாட்டாங்க, அவள் நடத்தையைத்தான் பேசுவாங்க. இதில் எது ஊருக்குச் சொல்ல வேண்டியது, எது நம்முடையது என்று பிரித்துத் தெரிஞ்சுக்கணும். வழக்கு, சொத்து, கடன், படிப்பு ஆகிய விவரங்களை வேட்பாளர் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002ல் சொன்னது. ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அது உரிமை, மறைக்கக் கூடாது. அதே உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில், துணிமணி, பாத்திரம், நாற்காலி வரைக்கும் ஒவ்வொன்றையும் சொல்லத் தேவையில்லை, வேட்பாளருக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்றும் தீர்ப்புச் சொன்னது. வேட்பாளர் நடத்தையைப் பற்றிப் பொய்யென்று தெரிந்தே பரப்புவது 1920லிருந்தே குற்றம். இப்போதைய சட்டத்தில் அது 175வது பிரிவு.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. தெருவில் கூட நிற்கப் போவது நாம்தான். நம்ம குழுவிலிருந்து ஒருத்தி நின்றால், மனு கொடுக்கப் பத்துப் பேராவது கூடப் போகணும். ஓட்டுக் கேட்கத் தனியாக, பொழுது சாய்ந்த பிறகு அனுப்பக் கூடாது. நோட்டீசில் சொந்த நம்பருக்குப் பதில் வேறு நம்பர் போடலாம். ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸைக் கேட்கிறவர்களிடமெல்லாம் கொடுக்கக் கூடாது. மிரட்டல் வந்தால் அன்றைக்கே தேர்தல் அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கணும். 181க்கும் போன் பண்ணலாம். முக்கியமாக, அவளைப் பற்றி வாட்ஸப்பில் தப்பாக ஒரு படமோ பேச்சோ வந்தால், நம்ம போனைத் தாண்டி அது போகக் கூடாது.

வட்டிக் கணக்கை நாம் பத்து பேர் முன்னால் விரித்து வைக்கிறோம். குழுவில் ஒருத்தி வீட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் அதை வெளியே சொல்வதில்லை. தேர்தலில் நிற்கிற பெண்ணுக்கும் இந்த இரண்டும்தான் தேவை. அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் எந்தக் கட்சியில் நின்றாலும் நம்ம பெண்ணுக்கு இந்தக் காவலைக் கொடுப்போம்.