ஈர மணல், காய்ந்த மணல்

கோடை லீவுல ஆரிகன் கடலோரமா ஒரு ட்ரெய்லர் பயணம் போறதுன்னு முடிவாச்சு. மொத்தம் நாலு பேர். சீனியர் அண்ணன் ஒருத்தரோட பிக்கப் டிரக், அதுக்குப் பின்னாடி மாட்டி இழுக்க வாடகைக்கு எடுத்த 24 அடி டிராவல் ட்ரெய்லர். வடக்கே அஸ்டோரியாவில் ஆரம்பிச்சு, 101-ஆம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடிச்சு, தெற்கே கலிஃபோர்னியா எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற புரூக்கிங்ஸ் வரைக்கும். ஒருத்தன் சமையல், ஒருத்தன் கணக்கு, அண்ணன் டிரைவர். ராத்திரி தங்க இடம் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ட்ரெய்லர்ங்கிறது சக்கரம் வச்ச குட்டி வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆனா ராத்திரி நிறுத்துற இடத்தில் தண்ணிக் குழாய், கரன்ட், கழிவுநீரை இறக்க ஒரு குழி, இந்த மூணும் இருந்தா நிம்மதி. மூணும் இருந்தா 'ஃபுல் ஹூக்கப்'னு சொல்லுவாங்க. அப்புறம் நம்ம வண்டி நீளத்துக்கு அந்த இடம் தாங்கணும். இதெல்லாம் கடலுக்குப் பக்கத்திலேயே, அதுவும் மாணவன் பர்ஸுக்குக் கட்டுப்படியாகுற மாதிரி வேணும்னா நடக்கிற காரியமான்னு பயந்துக்கிட்டேதான் வரைபடத்தைத் திறந்தேன்.

பார்த்தா கடலோரம் முழுக்க பச்சைத் திட்டு. ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், நெஹேலம் பே, கேப் லுக்அவுட், பெவர்லி பீச், சவுத் பீச், ஹனிமன், சன்செட் பே, புல்லர்ட்ஸ் பீச், ஹாரிஸ் பீச். எல்லாமே மாநில அரசு நடத்துற பூங்காக்கள். எல்லாத்திலும் ட்ரெய்லர் நிறுத்த இடம் இருக்கு. வாடகை, பக்கத்து மோட்டல்களோட ஒப்பிட்டா கொசுறு காசு. கடல் தெரியுற ஒரு ஜன்னலுக்கே தனி விலை வைக்கிற ஊர்ல, இவ்வளவு கடற்கரை எப்படித் தப்பிச்சது? இடம் பிடிக்கப் போனவன் அந்தக் கேள்வியில் மாட்டிக்கிட்டு நாலு நாள் பழைய கதையெல்லாம் தோண்ட ஆரம்பிச்சிட்டேன். வாங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

கதையில் முதல் ஆள் ஆஸ்வால்ட் வெஸ்ட். 1911-லேர்ந்து 1915 வரைக்கும் ஆரிகன் கவர்னர். அந்தக் காலத்தில் அந்தக் கடலோரத்துக்குச் சரியான ரோடு கிடையாது. அலை இறங்கினதும் ஈர மணல் கெட்டியா கிடக்கும். குதிரை வண்டி, தபால் வண்டி எல்லாம் அது மேலேதான் ஓடும். ஏற்கெனவே சில மைல் நீளத்துக்கு அலையடிக்கிற நிலத்தை மாநிலமே தனியாருக்கு வித்திருந்தது. இப்படியே விட்டா மிச்சமும் போயிடும்னு வெஸ்ட்டுக்குத் தெரியும். நேராப் போய் "கடற்கரையைக் காப்பாத்துங்க"ன்னு கேட்டா சட்டசபை அசையாதுங்கிறதும் தெரியும். அதனால 1913-ல ஒரு சின்ன மசோதா கொண்டு வந்தார். வடக்கே கொலம்பியா ஆறு தொடங்கி தெற்கே கலிஃபோர்னியா எல்லை வரைக்கும், உயர் அலைக்கும் தாழ் அலைக்கும் நடுவில் இருக்கிற மணல் ஒரு பொது நெடுஞ்சாலை. அவ்வளவுதான் விஷயம். ரோடுன்னு சொன்னா யார் வேண்டாம்பாங்க? ஒரு பைசா செலவில்லாம மாநிலத்துக்கு சுமார் 360 மைல் ரோடு கிடைச்சாச்சு. மசோதா நிறைவேறிடுச்சு. ரோட்டை யாரும் வேலி போட்டு அடைக்க முடியாதுங்கிறதுதான் உள்ளே இருந்த சூட்சுமம்.

இது வெறும் காகித ரோடுன்னு நினைச்சுடாதீங்க. கேனன் பீச்சுக்குத் தெற்கே ஹக் பாயின்ட்னு ஒரு இடம். பாறை கடலுக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கும். அலை இறங்கின நேரம் பார்த்து, பாறையைக் கட்டிப்பிடிச்ச மாதிரி ஒட்டிக்கிட்டே வண்டியை ஓட்டணும். அதனால்தான் அந்தப் பேர். பாறையைக் குடைஞ்சு போட்ட அந்த வண்டிப்பாதை இன்னைக்கும் அப்படியே இருக்கு. நாங்க போனப்ப அது மேல நடந்தோம். கணக்கு பார்க்கிற நண்பன் அலை அட்டவணையைச் சரியாப் பார்க்காததால திரும்பி வரும்போது எல்லார் பேன்ட்டும் முழங்கால் வரை நனைஞ்சது தனிக்கதை.

அடுத்த ஆள் சாமுவேல் போர்ட்மன். 1929-ல மாநிலப் பூங்காக்களுக்கு முதல் கண்காணிப்பாளரா வந்தார். அப்ப பூங்காத் துறைன்னு தனியா ஒண்ணு இல்லை. நெடுஞ்சாலைத் துறைக்குள்ள ஒரு மூலை. பெட்ரோல் வரியிலிருந்து வர்ற காசுதான் ஆதாரம். 1930-கள் பொருளாதாரப் பெருமந்தக் காலம். நிலம் மலிவு, ஆனா அரசாங்கத்துக்கிட்டயும் காசு இல்லை. போர்ட்மன் கையில் இருந்த கொஞ்சத்தை வச்சு வாங்கினார். முடியாத இடத்தில் சொந்தக்காரங்ககிட்ட பேசிப் பேசியே தானமா வாங்கினார். 1950-ல அவர் ஓய்வு பெறும்போது மாநிலம் முழுக்க 181 பூங்காக்கள், சுமார் 66,000 ஏக்கர். வரைபடத்தில் நான் பார்த்த பச்சைத் திட்டுகளில் நிறைய அவர் சேர்த்த சொத்து.

இதுக்கு நடுவில் 1936 வருது. கான்டி மெக்கல்லாங்கிற பொறியாளர் வடிவமைச்ச அஞ்சு பெரிய பாலங்கள் அந்த வருஷம்தான் திறந்தாங்க. யக்வினா பே, ஆல்சி பே, சையுஸ்லா, அம்ப்குவா, கூஸ் பே. அதுவரைக்கும் அந்த இடங்களில் வண்டியைப் படகில் ஏத்தித்தான் அக்கரை போகணும். பாலம் வந்ததும் வண்டியை நிறுத்தாம தெற்கே போக முடிஞ்சது. அதே 1936-லதான் வாலி பயம் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்ங்கிற அலுமினிய ட்ரெய்லரைக் கொண்டு வந்தார். விலை 1,200 டாலர், நாலு பேர் படுக்கலாம். ரோடும் ரெடி, இழுத்துட்டுப் போற வீடும் ரெடி.

ஆனா ஒரு வேடிக்கை பாருங்க. இவ்வளவு நிலம் சேர்த்த போர்ட்மனுக்கு பூங்காவில் ராத்திரி தங்குறதே பிடிக்காது. பகல்ல வா, மரத்தைப் பாரு, கடலைப் பாரு, சாயங்காலம் கிளம்புங்கிற கட்சி அவர். கூடாரமும் ட்ரெய்லரும் வந்தா காடு கெட்டுப்போகும்னு பிடிவாதமா இருந்தார். அவர் போன பிறகு, 1950-களில் செஸ்டர் ஆர்ம்ஸ்ட்ராங் காலத்தில்தான் ராத்திரி தங்கும் இடங்கள் வரிசையா வந்தது. நாங்க கரன்ட் வயரைச் சொருகின கம்பத்தைப் பார்த்திருந்தா மனுஷன் நொந்து போயிருப்பார். ஆனா அவர் நிலத்தைச் சேர்த்து வைக்கலைன்னா அந்தக் கம்பத்தை நட இடமே இருந்திருக்காது.

இனிதான் சண்டை. 1966 கோடையில், கேனன் பீச்சில் ஒரு மோட்டல்காரர் தன் கட்டடத்துக்கு முன்னாடி இருந்த மணலில் கட்டைகளை அடுக்கி வேலி கட்டிட்டார். உள்ளே எங்க விருந்தாளிகளுக்கு மட்டும், மத்தவங்க வெளியேன்னு. புகார் போச்சு. அதிகாரிகள் சட்டத்தைப் புரட்டினா தலை சுத்துது. 1913 சட்டம் காப்பாத்தினது ஈர மணலை மட்டும்தான்! துண்டை விரிச்சு உட்கார்ற, குழந்தைங்க மணல் வீடு கட்டுற காய்ந்த மணல் பல இடங்களில் தனியார் பட்டாவுக்குள்ள இருந்தது. அம்பது வருஷமா எல்லாரும் நம்மளுதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, அவ்வளவுதான்.

1967-ல சட்டசபைக்கு 'பீச் பில்' வந்தது. கமிட்டியிலேயே முடங்கிக் கிடந்தது. அப்ப கவர்னர் டாம் மெக்கால். முன்னாடி டிவி செய்தியாளர். கேமராவுக்கு எது எடுபடும்னு அத்துப்படி. 1967 மே மாசம் 13-ஆம் தேதி விஞ்ஞானிகளையும் சர்வேயர்களையும் கூட்டிக்கிட்டு ஹெலிகாப்டரில் கடற்கரையில் போய் இறங்கினார். எந்த யோசனைப்படி கோடு எங்கே விழும்னு மணலிலேயே அளந்து காட்டினாங்க. கடல் மட்டத்துக்கு மேல 16 அடி உயரம் வரைக்கும் பொதுன்னு ஒரு கோடு. அதுக்குக் கீழே போட்டா எவ்வளவு மணல் கைவிட்டுப் போகும்னு எல்லாரும் கண்ணால பார்த்தாங்க. மக்கள்கிட்டேர்ந்து கடிதம் குவிஞ்சது. ஜூலை 6-ஆம் தேதி மெக்கால் கையெழுத்துப் போட்டார்.

மோட்டல்காரர் விடலை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 1969-ல தார்ன்டன் எதிர் ஹே வழக்கில் தீர்ப்பு. நீதிபதி ஆல்ஃபிரட் குட்வின் கையில் எடுத்தது பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்த 'வழக்காறு'. நம்ம ஊர் பத்திரங்களில் மாமூல் வழிநடைப் பாத்தியம்னு எழுதுவாங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நினைவுக்கு எட்டாத காலத்திலிருந்து, தடையில்லாம, சண்டையில்லாம மக்கள் ஒரு நிலத்தைப் பயன்படுத்தி வந்திருந்தா, அந்த உரிமையைப் பட்டாதாரர் பறிக்க முடியாது. காய்ந்த மணலும் பொதுவாச்சு. மேசசூசெட்ஸ், மெய்ன் மாதிரி மாநிலங்களில் பெரும்பாலும் தாழ் அலைக் கோடு வரைக்குமே தனியார் சொத்துங்கிறதை இதோட ஒப்பிட்டுப் பார்த்தா இந்தத் தீர்ப்போட கனம் புரியும்.

இதுவரைக்கும் எனக்கு ஒரே குஷி. நல்லவங்க ஜெயிச்ச கதை. ஆனா அந்தத் தீர்ப்பில் ஒரு இடத்தில் நின்னுட்டேன். நினைவுக்கு எட்டாத காலம்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்? வெள்ளைக்காரங்க வந்து நூத்திச் சொச்சம் வருஷம்தானே ஆச்சு? அவங்களுக்கு முன்னாடியே பூர்வகுடி மக்கள் அந்த மணலைப் பயன்படுத்தி வந்தாங்கங்கிறதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்குது.

அந்தப் பூர்வகுடிகளுக்கு என்ன ஆச்சு? 1855-ல ஜனாதிபதி பியர்ஸ் கடலோரத்தில் சுமார் 11 லட்சம் ஏக்கரை அவங்களுக்குன்னு ஒதுக்கினார். தெற்கு ஆரிகனிலிருந்தெல்லாம் பல இனத்தவரை விரட்டிக் கொண்டு வந்து அங்கே அடைச்சாங்க. பத்து வருஷம்தான். 1865-ல யக்வினா பே பகுதியைப் பிடுங்கி குடியேறிகளுக்குத் திறந்து விட்டாங்க. 1875-ல இன்னும் பெரிய துண்டுகள். 1954-ல சைலெட்ஸ் மக்களை ஒரு பழங்குடியா இனி அங்கீகரிக்க மாட்டோம்னு மத்திய அரசு சட்டமே போட்டது. அந்த அங்கீகாரம் திரும்பக் கிடைச்சது 1977-ல.

ஆக 1969-ல நீதிமன்றம் அவங்க பழக்கத்தைச் சாட்சியா வச்சு எல்லாருக்கும் கடற்கரையைக் கொடுத்தப்ப, சட்டத்தின் கண்ணில் அவங்களே ஒரு இனமா இல்லை. பட்டா இல்லாத பழக்கத்தால் உரிமை உண்டுன்னு ஒரு விதி இருக்குன்னா, அது முதல்ல யாருக்குப் பொருந்தியிருக்கணும்? எங்க ட்ரெய்லர் ரெண்டு ராத்திரி நின்ன பெவர்லி பீச் அந்த 1855 ஒதுக்கீட்டுக்குள்ள வர்ற இடம். முன்பதிவு பண்ணும்போது அது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு பதிவை ரத்து பண்ணினேனான்னா, இல்லை. போனோம், சாம்பார் வச்சோம், பைன் மரங்களுக்கு நடுவில் தூங்கினோம். ஆனா "எல்லாருக்கும் சொந்தம்"ங்கிற வார்த்தையை இப்பல்லாம் கொஞ்சம் தயங்கித்தான் சொல்றேன்.

இன்னொரு விஷயம், இதெல்லாம் ஒரு தடவை ஜெயிச்சு முடிஞ்சுபோற சண்டையும் இல்லை. 1980-ல பெட்ரோல் வரியைப் பூங்காவுக்குச் செலவழிக்கக் கூடாதுன்னு மக்களே ஓட்டுப் போட்டாங்க. காசு வறண்டு போச்சு. 1998-ல அதே மக்கள் லாட்டரி வருமானத்தில் ஒரு பங்கைப் பூங்காக்களுக்கும் ஆறுகளுக்கும் ஒதுக்க ஓட்டுப் போட்டாங்க, 2010-ல அதை நீட்டிச்சாங்க. நம்ம கரன்ட் கம்பத்துக்குப் பின்னாடி யாரோ சுரண்டின லாட்டரிச் சீட்டும் இருக்கு.

டாம் மெக்கால் 1971-ல ஒரு டிவி பேட்டியில் சொன்னது ரொம்பப் பிரபலம். எங்க ஊரை வந்து பாருங்க, திரும்பத் திரும்ப வாங்க, ஆனா குடியேறிடாதீங்கன்னு. மாணவர் விசாவில் இருக்கிற எங்களுக்கு இது புதுசா என்ன! படிச்சுட்டு அண்ணன்கிட்ட சொன்னேன். "அதைத்தான் விசாவுலயே எழுதியிருக்கே, இவர் வேற தனியாச் சொல்லணுமா"ன்னு சிரிச்சார்.

போறவங்களுக்கு நாலு வார்த்தை. கோடை வாரக்கடைசிக்கு ஆறு மாசம் முன்னாடியே இடம் பிடிச்சுடுங்க. ட்ரெய்லர் நீளத்தோட இழுக்கிற வண்டி நீளத்தையும் சேர்த்துப் பாருங்க. ட்ரெய்லர் நிறுத்துற இடம் மணல் மேட்டுக்குப் பின்னாடி மரத்துக்கு நடுவில்தான் இருக்கும், காத்துக்கு அதுவே நல்லது. அலை அட்டவணையை வேற ஆள்கிட்ட கொடுங்க. அப்புறம் காய்ந்த மணலில் துண்டை விரிச்சு உட்காரும்போது, அது எப்படி நமக்குக் கிடைச்சதுன்னு ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. யாரோட பழக்கத்தைச் சாட்சியா வச்சுக் கிடைச்சதுங்கிறதையும்.