வியப்பு என்னும் வேலி

ஒரு துறையில் பெண்களுக்கு இடமில்லை என்று காட்ட இரண்டு வழிகள் உண்டு. வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது ஒன்று. உள்ளே வந்து ஜெயித்துவிட்ட பெண்ணை அதிசயப் பிறவி என்று கொண்டாடி, அந்தக் கொண்டாட்டத்தோடு பேச்சை முடித்துக்கொள்வது இன்னொன்று. துப்பாக்கி சுடும் விளையாட்டின் வரலாற்றில் முதல் வழியைவிட இரண்டாவதே ஆழமாக வேலை செய்திருக்கிறது என்பது என் வாதம். ஓட்டத்திலும் பளுதூக்குதலிலும் ஆண் பெண் இடைவெளிக்கு உடல் வலுவைக் காரணமாகச் சொல்லலாம். இங்கே கேட்கப்படுவது மூச்சைக் கட்டுவது, அசையாமல் நிற்பது, விசையை அழுத்தும் விரலில் பதற்றம் ஏறாமல் பார்த்துக்கொள்வது ஆகியவைதான். அதனால் களத்துக்குள் வர முடிந்தபோதெல்லாம் பெண்கள் ஆண்களோடு சரிக்குச் சரி நின்றார்கள். பலமுறை வென்றும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு வெற்றியும் தனியொரு பெண்ணின் வினோதக் கதையாகவே எழுதப்பட்டது. அடுத்து வந்தவர் மறுபடியும் ‘முதல் பெண்’ணாகவே தொடங்க வேண்டியிருந்தது. இவர்களுக்கு உலகம் என்னென்ன பட்டம் சூட்டியது, எப்படி விளித்தது என்று பார்த்துக்கொண்டே போனால் இந்த வேலி எப்படி எழுந்தது என்பது புரியும்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 1860-ல் பிறந்த ஆனி ஓக்லி, வறுமையில் வேட்டையாடி, கிடைத்ததை விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். துப்பாக்கி அவருக்குப் பிழைப்புக் கருவி. 1885-ல் பஃபலோ பில்லின் ‘வைல்ட் வெஸ்ட்’ காட்சிக் குழுவில் சேர்ந்தார். 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழா ஆண்டில் லண்டனுக்கே போய்ச் சுட்டுக் காட்டினார். சூ பழங்குடித் தலைவர் சிட்டிங் புல் அவருக்குச் சூட்டிய பெயரின் பொருள், குறி தப்பாத சின்னப்பெண் என்பது. பிரியத்தோடு வைத்த பெயர்தான். ஆனால் காட்சிக் கம்பெனி அந்தப் பெயரையே விளம்பரமாக்கியபோது, ‘சின்ன’ என்பதே விற்பனைச் சரக்காயிற்று. இவ்வளவு சிறிய பெண் இவ்வளவு துல்லியமாகச் சுடுகிறாளே என்ற வியப்புக்குத்தான் டிக்கெட் விற்றது. அவரே அந்தப் பிம்பத்தை விரும்பி வளர்த்தாரே என்று கேட்கலாம். உண்மைதான்; உடைகளைத் தானே தைத்துக்கொண்டு, அடக்கமான குடும்பப் பெண்ணாகத் தோன்றுவதில் அவர் கவனமாக இருந்தார். ஆனால் வியப்பின் எல்லை எதுவரை என்பதை 1898 காட்டிவிட்டது. ஸ்பெயினோடு போர் மூளும் வேளையில், சொந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் கொண்டுவரும் 50 பெண் குறிசுடுநர்களைத் திரட்டித் தருவதாக அவர் குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கு எழுதினார். அரசு அதை ஏற்கவில்லை. ஒற்றை ஆனி ஓக்லி என்றால் தேசமே கைதட்டும். ஐம்பது பேர் என்றால் அது படை. அதற்கு விடை தர யாரும் தயாராக இல்லை.

பிரிட்டனில் கதை இதைவிட விசித்திரம். தேசிய ரைபிள் சங்கம் 1860-ல் விம்பிள்டனில் தன் முதல் போட்டியைத் தொடங்கியபோது, முதல் குண்டைச் சுட்டவர் ஒரு பெண், விக்டோரியா ராணி. விட்வொர்த் ரைபிளைத் தாங்கியில் இறுகப் பொருத்தி, முன்கூட்டியே குறிபார்த்து வைத்திருந்தார்கள். ராணி ஒரு பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்பகுதியில் குண்டு பாய்ந்தது. போட்டியின் தலையாய பரிசுக்கும் அவர் பெயரே. பெண்ணுக்கு அந்தக் களம் முதலில் ஒதுக்கிய இடம் இதுதான்: திறந்துவைக்கலாம், பரிசு தரலாம், குறிபார்க்கும் வேலை வேறு யாருடையதோ. எழுபது ஆண்டு கழித்து, போட்டி பிஸ்லிக்கு இடம் மாறியபின், 1930-ல் மார்ஜரி ஃபாஸ்டர் என்பவர் அதே பரிசை, அப்போது மன்னர் பரிசு, ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்றார். போட்டியிட்டவர்களில் ராணுவத்தினர் ஏராளம். ஊர் கொண்டாடியது, மன்னரின் வாழ்த்தும் வந்தது. பிறகு? அடுத்த பெண், ஜோவன்னா ஹொஸாக், அந்தப் பரிசைத் தொட 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு பெண்ணால் முடியும் என்று நிரூபணமானதும் பயிற்சிக்கூடங்களும் சங்கங்களும் பெண்களைத் தேடிப் போயிருந்தால் எழுபது ஆண்டு இடைவெளி விழுந்திருக்காது.

இந்த வியப்பு எவ்வளவு அற்பமாகவும் இறங்கக்கூடும் என்பதை 1942 காட்டியது. கீவ் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த லுட்மிலா பாவ்லிச்சென்கோ, செம்படையின் குறிசுடுநராக 309 எதிரிகளை வீழ்த்தியவர் என்று சோவியத் அரசு அறிவித்திருந்தது. ஐரோப்பாவில் இரண்டாம் போர்முனைக்கு ஆதரவு திரட்ட அமெரிக்கா வந்த அவரிடம் அங்கிருந்த செய்தியாளர்கள் கேட்டவற்றில் முகப்பூச்சு பற்றியும் சீருடைப் பாவாடையின் நீளம் பற்றியும் கேள்விகள் இருந்தன. அவர் லெப்டினன்ட், பத்திரிகைகளுக்கோ ‘பெண் ஸ்னைப்பர்’. அவரை மனதாரப் போற்றிப் பாட்டெழுதிய வுடி கத்ரிகூட அதற்கு வைத்த தலைப்பு ‘மிஸ் பாவ்லிச்சென்கோ’. உண்மையில் அவர் தனியாள் அல்ல. அந்தப் போரில் சுமார் 2,000 சோவியத் பெண்கள் குறிசுடுநராக இருந்ததாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பெண்களுக்கென்றே தனிப் பயிற்சிப் பள்ளி நடந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த ஒரு வகையை ஒரே முகமாகச் சுருக்கி, அந்த முகத்தையும் உடையையும் பற்றிப் பேசுவதுதான் வியப்பின் வழக்கம்.

ஒலிம்பிக் களத்துக்கு வருவோம். 1968 மெக்சிகோ போட்டியில்தான் பெண்கள் முதன்முறை துப்பாக்கி சுடுதலில் பங்கேற்றார்கள். தனிப் பிரிவு கிடையாது, ஆண்களோடுதான் சுட வேண்டும். 1976-ல் மான்ட்ரியலில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக்கும் அவருடைய சக அணி வீரர் லானி பாஷமும் 1,162 புள்ளிகளில் சமநிலை. விதிப்படி மறுசுற்று இல்லை. தொடர் மதிப்பெண்களை ஒப்பிட்டுத் தங்கம் பாஷமுக்கு என்றானது. தேசிய கீதம் ஒலிக்கையில் பாஷம் தன் மேடைக்கு மர்டாக்கையும் கைபிடித்து ஏற்றிக்கொண்டார். அந்தப் பெருந்தன்மையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். 1992 பார்சிலோனாவில் அப்படி யாருடைய கையும் தேவைப்படவில்லை. சீனாவின் ஜாங் ஷான், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ஸ்கீட் போட்டியில் தகுதிச் சுற்றின் 200 தட்டுகளையும் தவறாமல் உடைத்து, மொத்தம் 225-ல் 223 எடுத்து, ஆண்கள் நிறைந்த களத்தில் தங்கம் வென்றார். நான்கு ஆண்டு கழித்து அட்லாண்டாவில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது. நடப்பு சாம்பியனுக்கு அங்கே இடமில்லை. பெண்களுக்கான ஸ்கீட் 2000-ல் சிட்னியில்தான் வந்தது. ஜாங் ஷானின் வெற்றிக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பு உண்டா, முன்பே போட்ட திட்டமா என்று வாதிடுவோர் உண்டு. முன்பே போட்ட திட்டம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், பார்சிலோனாவின் முடிவு கண்ணெதிரே நின்றபோதும் திட்டத்தை மறுபரிசீலனை செய்ய யாருக்கும் தோன்றவில்லை என்றாகிறது. வெற்றியை விதிவிலக்காக வைத்துப் பார்ப்பவர்களுக்கு விதியைத் திருத்தும் அவசியம் எழுவதில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தனிப் பிரிவுகள் வந்ததால்தானே பெண்கள் பெருகினார்கள்? 1984 லாஸ் ஏஞ்சலஸில் பெண்களுக்கென மூன்று போட்டிகள் வந்தன. பதக்க வாய்ப்பு வந்ததும் நாடுகள் பணம் ஒதுக்கின, பயிற்சியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். கலப்புப் போட்டி மட்டுமே நீடித்திருந்தால், ஆண்களை மட்டும் அனுப்பிய சங்கங்கள் அப்படியே தொடர்ந்திருக்கும். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இது வாய்ப்பு பற்றிய வாதம், திறமை பற்றியதல்ல. வாய்ப்புக்காகப் பிரித்திருந்தால் இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கலாம். அப்படி வைக்கவில்லை. நெடுங்காலம் ஏர் ரைபிளில் ஆண்களுக்கு 60 குண்டு, பெண்களுக்கு 40. மூன்று நிலை ரைபிளில் ஆண்களுக்கு 120, பெண்களுக்கு 60. ஸ்கீட், டிராப் போட்டிகளில் ஆண்களுக்கு 125 தட்டு, பெண்களுக்கு 75. ஒரே தூரம், ஒரே இலக்கு. எண்ணிக்கை மட்டும் வேறு. ஜாங் ஷான் 225 தட்டுகளுக்குச் சுட்டு ஜெயித்த பிறகும் பெண்களால் 75-தான் தாங்கும் என்பதுபோல் விதி எழுதினார்கள். அதில் இன்னொரு வசதியும் இருந்தது: எண்ணிக்கை வேறாக இருக்கும்வரை இருவர் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. இந்த வித்தியாசம் நீங்கியது 2018-ல்தான்.

ஒப்பிட முடிந்ததும் என்ன தெரிந்தது? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றையே எடுத்துக்கொள்ளலாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்தார், பெண்கள் பிரிவில் பத்தாவது இடம், இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. ஆண்கள் பிரிவில் அர்ஜுன் பபூதா 630.1 எடுத்து ஏழாவதாக இறுதிக்குப் போனார். பெண்களில் முதலிடம் பிடித்த தென்கொரியாவின் பான் ஹியோ-ஜின் எடுத்த 634.5, ஆண்கள் பிரிவில் அன்று யாரும் எட்டாத உயரம். ஒருநாள் கணக்கு சட்டமாகாது என்பார்கள்; நியாயம். ஆனால் நீண்ட காலச் சான்றும் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளின் என்.சி.ஏ.ஏ. ரைபிள் சாம்பியன்ஷிப் 1980-ல் தொடங்கியதிலிருந்து இருபாலருக்கும் பொதுவாகவே நடக்கிறது. 2010-ல் டெக்சாஸ் கிறிஸ்தியன் பல்கலைக்கழகம் பெண்கள் மட்டுமே கொண்ட அணியோடு பட்டம் வென்றது. நம் அஞ்சலி பாக்வத்தும் 2002-ல் மியூனிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து சுட்ட ‘சாம்பியன் ஆஃப் சாம்பியன்ஸ்’ போட்டியில் பட்டம் பெற்றவர்தான்.

இந்தியாவில் வாசல் முதலில் அரண்மனைக்குள் இருந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் உரிமமும் வசதியுள்ள வீட்டு ஆண்களிடம் இருந்த காலத்தில், பெண் சுடுவதென்றால் அப்பாவின் ஆயுதத்தால்தான் முடியும். 1968-லும் 1969-லும் அர்ஜுனா விருது பெற்ற பிகானேரின் ராஜ்யஸ்ரீ குமாரி, கோட்டாவின் புவனேஸ்வரி குமாரி இருவரும் ராஜ குடும்பத்தினர். பிறகு என்.சி.சி. ஒரு கதவைத் திறந்தது. அஞ்சலி பாக்வத் துப்பாக்கி தொட்டது அந்த வழியில். அடுத்த அலை கிராமத்திலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசம் பாக்பத் மாவட்டம் ஜோஹ்ரி கிராமத்தில், அறுபதைக் கடந்த வயதில் கைத்துப்பாக்கி எடுத்த சந்திரோ தோமரையும் பிரகாஷி தோமரையும் நாடு ‘ஷூட்டர் தாதி’, ‘ரிவால்வர் தாதி’ என்றது. தாதி என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. ராஜாவின் மகள், வீட்டுப் பாட்டி என்று உறவுமுறை ஒன்று முன்னே நின்று அனுமதி வாங்கித் தந்தால்தான் பெண் கையில் துப்பாக்கி பொருத்தமாகத் தெரிகிறது.

உறவுமுறை சொல்லி அழைப்பது நம் ஊரின் மரியாதை, அதில் குறை காண்பது மேட்டிமைப் பார்வை என்று சிலர் சொல்லக்கூடும். பாட்டி என்பது இழிசொல் அல்ல. ஜோஹ்ரியின் பெண்களே அதைப் பெருமையாக ஏற்றார்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் தங்க மங்கை என்று எழுதுவதைப் போலவே தங்க மகன் என்றும் எழுதுகின்றன. ஆகவே சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பயனில்லை. கேட்க வேண்டியது, அந்த அழைப்பு எதன் இடத்தில் வந்து உட்காருகிறது என்பதே. துப்பாக்கி சுடும் வீரர் ராஜ்யவர்தன் சிங் ரத்தோரைக் கர்னல் என்று பதவி சொல்லி அழைத்தோம். பாவ்லிச்சென்கோவின் பதவியை அமெரிக்கப் பத்திரிகைகள் மறந்தன. மதிப்பெண்ணும் பதவியும் சொன்ன பிறகு அன்பாக ஒரு பெயர் வைத்தால் அது மரியாதை. அவற்றுக்குப் பதிலாக வைத்தால், அது மறுபடியும் அதே வியப்புதான். உடைக்கும் இது பொருந்தும். 2016-ல் தெஹ்ரானில் நடக்கவிருந்த ஆசிய ஏர்கன் போட்டியில் ஹிஜாப் கட்டாயம் என்பதால் இந்தியாவின் ஹீனா சித்து விலகினார். பெண் எப்படிச் சுடுகிறாள் என்பதற்கு முன்னால் எப்படித் தோன்றுகிறாள் என்ற கேள்வி, எண்பது ஆண்டுக்கு முன் அமெரிக்கச் செய்தியாளர்களிடம் இருந்தது; தெஹ்ரானில் அது விதியாகவே வந்துவிட்டது.

வேலி ஏற்கெனவே உள்ளிருந்து தளர்ந்திருக்கிறது. டோக்கியோவில் ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு, கலப்பு அணிக்கு மூன்று என்று போட்டிகள் சமமாயின. கலப்பு அணியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சுட, இருவர் மதிப்பெண்ணையும் அப்படியே கூட்டுகிறார்கள். பாரிஸில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றது இந்த முறையில்தான். அங்கே பெண்ணின் பத்துக்கும் ஆணின் பத்துக்கும் தனித்தனி மதிப்பு கிடையாது; சலுகையும் இல்லை, கழிவும் இல்லை. அதாவது இரண்டும் ஒரே நாணயம் என்பதை விதிப்புத்தகமே ஒப்புக்கொண்டுவிட்டது. கூட்டத் தகுந்த மதிப்பெண்கள் ஒப்பிடவும் தகுந்தவைதான். வாய்ப்பைக் காக்கத் தனிப் பிரிவுகள் இருக்கட்டும். ஆனால் அவற்றோடு ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் சுடும் திறந்த போட்டி ஒன்றை ஒலிம்பிக்கில் மறுபடி வைக்க மறுப்பவர்கள், இனிமேல் காரணம் சொல்ல வேண்டியவர்கள். நூறாண்டுக்கு மேலாகப் பெண்கள்தான் தங்களை நிரூபித்துக்கொண்டு வந்தார்கள். இனி நிரூபிக்க வேண்டிய பாரம் அடுத்த பக்கத்தைச் சேர்ந்தது.