குளோரீனைக் காணாத கண்

துலா போய் மெசின் வந்த காலத்தில்தான் எங்கட கிணறுகளுக்குள் ஒரு புதுச் சாவு வந்தது. அதுக்கு முன்னம் கிணறு துப்பரவாக்க இறங்குறவை அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பினம். விளக்கு அணைஞ்சால் அடியில் மூச்சுவிடக் காற்றில்லை. காபனீரொட்சைட்டுத் தேங்கின கிணற்றுக்கு அந்தச் சோதனை சரிதான். தண்ணி இறங்கின கோடையில் மண்ணெண்ணெய் மெசினையே கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடத் தொடங்கின பிறகு லாம்பு பொய் சொல்லத் தொடங்கினது. மெசின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு விளக்கை அணைக்காது, ஆளைத்தான் விழுத்தும். அதுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. விழுந்தவரைத் தூக்க இறங்கினவரும் சேர்ந்து போன செய்தி இப்பவும் இடைக்கிடை வருது.

அந்தப் புகையைக் காணக்கூடிய கண் ஒன்று உலகத்தில் அப்பவே இருந்தது. செங்கீழ்க் கதிர் உணரி (இந்தியப் புத்தகங்களில் அகச்சிவப்பு என்பார்கள்) அதுதான். அதின்ர கதை 1859இல் லண்டனில் ஜோன் டின்டலின் ஆய்வுகூடத்தில் தொடங்குது. ஒரு குழாய்க்குள் வாயுவை நிரப்பி, ஒரு பக்கத்தால் வெப்பக்கதிரை அனுப்பி, மற்றப் பக்கத்தில் எவ்வளவு மிஞ்சி வருதென்று அளந்தார். ஒட்சிசன், நைதரசன், ஐதரசன் மூன்றும் கதிரை ஏறத்தாழ அப்படியே விட்டன. நிலக்கரி வாயுவும் நீராவியும் விழுங்கின. மூன்று வருசத்துக்கு முன்னமே அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண் வெயிலில் கண்ணாடிக் குழாய்களை வைத்துக் காபனீரொட்சைட்டு கூடச் சூடாகிறதைக் காட்டியிருந்தார். அவரின்ர பேர் நூறு வருசத்துக்கு மேல் மறந்து கிடந்தது.

1938இல் ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனத்தில் லெஹ்ரர், லுஃப்ட் இருவரும் இதை ஆலைக்குள் வைக்கக்கூடிய கருவியாக்கினார்கள். சில வருசத்தில் அதே நிறுவனம் ஆஷ்விட்சில் கைதிகளை அடிமைகளாக வேலை வாங்கி ஆலை கட்டினது. கருவிகளின் வரலாற்றை வாசிக்கேக்க இதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வராது.

எங்கட வடக்குக்கு வருவம். ஆனையிறவு உப்பை நம்பி 1950களில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழும்பினது. உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தை விட்டால் எரிசோடா கிடைக்கும், கூடவே குளோரீனும் ஐதரசனும் வரும். ஒன்று நுரையீரலை அரிக்கும், மற்றது வெடிக்கும். செங்கீழ்க் கதிர் இந்த இரண்டையுமே காணாது! ஒரே மாதிரி இரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு அதிரேக்க அதின்ர மின்னேற்றச் சமநிலை மாறுவதில்லை, அதால் அந்தக் கதிரை விழுங்க மாட்டாது. குளோரீனுக்கு மின்னிரசாயன உணரி வேணும், இல்லாட்டில் மூக்கு. எந்த வாயு என்று தெரியாமல் உணரி வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிட்ட இல்லை.

1950இல் தொடங்கி 1990இல் யுத்தத்தோடு நின்ற காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் பக்கம் கதை வேறு. சீமெந்துச் சூளை சரியாக எரியாவிட்டால் காபனோரொட்சைட்டு கூடும். தூசு பிடிக்கிற மின்வீழ்படிவாக்கிக்குள் எப்பவும் பொறி பறக்கும். இரண்டும் சந்தித்தால் வெடிதான். அதால்தான் இப்படியான ஆலைகளில் சூளைப் புகையைக் கதிரால் அளந்து, அளவு மீறினால் வீழ்படிவாக்கியின் மின்சாரத்தைத் தானாக வெட்டுவார்கள். ஆனால் அந்தப் புகை சூடு, ஈரம், தூசு மூன்றும் நிறைஞ்சது. வடிகட்டி, குளிராக்கி, உலர்த்தித்தான் கருவிக்குக் கொடுக்க வேணும். உறிஞ்சுகுழாய் அடைச்சால் கருவி பழைய காற்றையே அளந்து கொண்டிருக்கும், எல்லாம் சுகமென்றும் சொல்லும்.

திறந்த இடத்தில் பூட்டுற உணரிக்கு எதிரி உப்புக்காற்று, மாரிமழை, சிலந்தி வலை. நல்ல உணரி இரண்டு அலைநீளத்தில் பார்க்கும். வாயு ஒன்றை மட்டும் குறைக்கும், கண்ணாடியில் படிஞ்ச அழுக்கு இரண்டையும் குறைக்கும். அதால் "எனக்குக் கண் தெரியேல்லை" என்று அது தானே சொல்லும். பழைய ஊக்கிமணி உணரிக்கு இந்தக் குணம் இல்லை. சிலிக்கோன் ஆவி பட்டால் சத்தமில்லாமல் செத்துப்போகும், பிறகும் சுவரில் தொங்கும்.

மூக்கை நம்பினால் என்ன நடக்குமென்று 1984 டிசம்பரில் போபாலில் உலகம் பார்த்தது. கசிவைத் தொழிலாளர்கள் முதலில் அறிந்தது கண் எரிஞ்சுதான். அந்த மெதில் ஐசோசயனேற்று செங்கீழ்க் கதிர் காணக்கூடிய வாயு.

2021 கடைசியில் இலங்கை முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடிச்ச காலத்தை ஒருத்தரும் மறந்திருக்க மாட்டினம். சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறினதுதான் காரணமென்று ஜனாதிபதி நியமித்த குழு சொன்னது. மணத்துக்காகச் சேர்க்கிற மெர்கப்டன் போதுமா என்றும் சண்டை நடந்தது. திரும்பவும் மூக்கு!

அதுக்குப் பிறகு கனபேர் காஸ் அலாரம் வாங்கினவை. வீட்டுக்கு வாறது பெரும்பாலும் மலிவான குறைகடத்தி வகை, செங்கீழ்க் கதிர் வகை பெரிய சமையலறைகளுக்கும் ஆலைகளுக்கும்தான். எது என்றாலும் பூட்டுற இடம் ஒன்றுதான். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. இரண்டும் நிலத்தோட ஊரும். கூரைக்குப் போறது மெதேன், அது எங்கட சிலிண்டருக்குள் இல்லை.

போன வருசம் ஒரு சாப்பாட்டுக்கடையில் சாப்பிடேக்க அண்ணாந்து பார்த்தேன். அலாரம் கூரையோட, புகைப்போக்கிக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கால் மஞ்சளாகிக் கிடந்தது. முதலாளியிட்டச் சொன்னேன். "கீழ பூட்டினால் தண்ணி அடிச்சுக் கழுவேக்க நனையும் தம்பி" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் சிலிண்டர் நிற்கிற மூலையில், நிலத்தில் இருந்து ஒரு அடி உயரத்தில் பூட்டி, மேல ஒரு தகட்டை வளைச்சுக் கூரை மாதிரி வைச்சம். பிசுக்கைத் துடைக்கிற பொறுப்பு, சாம்பார் வாளி தூக்குற பெடியனுக்கு.