மான்கொம்பு உரைக்கும் மறைபொருள்

சமய உணர்வு மனிதனிடத்தே எங்ஙனம் அரும்பிற்று என வினவின், நாம் இஸ்ரேல் நாட்டில் நாசரேத்தின் அருகேயுள்ள கஃப்சே குகையை நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகட்கு முன், 12 அல்லது 13 வயதுப் பிள்ளை ஒன்று அங்கே அடக்கம் செய்யப்பெற்றது. அதன் மண்டையோட்டில், சிறுவயதிலே பட்டுப் பின்னர் ஆறிய பெருங்காயத்தின் வடு உளது. அத்துணைக் காயத்திற்குப் பின்னும் சுற்றத்தார் அதனைப் பேணினர் போலும். இறந்தபின் அதன் மார்பின்மேல் மான்கொம்புகளை வைத்தனர்.

அந்நாளில் எழுத்தில்லை, ஏரில்லை, கோயிலுமில்லை. ஆயினும், திரும்பப் பெறவியலா ஒருவர்க்கு அவர்கள் ஈந்தனர். இறப்போடு உறவு அறுவதில்லை என்னும் உணர்வை நாம் அதில் காண்கின்றோம். அச்சமே சமயத்தின் தாய் என்பார் உளர். இக்குழியிலோ அன்பே முந்தி நிற்கின்றது. இத்திருவிழாவில் மலரிடும் நம் கைகள், அன்று கொம்பு வைத்த கைகளுக்கு அயலானவை அல்ல.