அடங்காத குதிரை சன் சேரியட்

1942-ல் இங்கிலாந்து போரில் மூழ்கிக் கிடந்தது. சாப்பாட்டுக்கு ரேஷன், துணிக்கு ரேஷன், ராத்திரியில் தெருவிளக்கு கூடக் கிடையாது. ஆனாலும் குதிரைப் பந்தயத்தை மட்டும் அவர்கள் அடியோடு விட்டுவிடவில்லை! எப்சம், டான்காஸ்டர் என்று வெவ்வேறு ஊர்களில் நடக்க வேண்டிய பெரிய பந்தயங்களை நியூமார்க்கெட்டுக்கு மாற்றி நடத்தினார்கள். அந்த வருடம் அங்கே அதிகம் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று சன் சேரியட். மூன்று வயதுப் பெண் குதிரை. ஓடியது மன்னர் ஆறாம் ஜார்ஜின் பெயரில்.

மன்னரின் சொந்தக் குதிரை என்று நினைத்துவிட வேண்டாம். அயர்லாந்தில் டல்லி என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசு நடத்திய நேஷனல் ஸ்டட் பண்ணையில் 1939-ல் பிறந்து, பந்தய காலத்துக்கு மட்டும் குத்தகைக்கு வந்தது. பிக் கேம் என்ற ஆண் குதிரையும் அப்படியே வந்தது. இரண்டுக்கும் ஒரே வயது, பெக்ஹாம்ப்டனில் ஒரே லாயம், ஒரே பயிற்சியாளர் ஃபிரெட் டார்லிங், ஒரே ஜாக்கி கார்டன் ரிச்சர்ட்ஸ். பிக் கேமைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தையும் கம்பீரத்தையும் பேசுவார்கள். சன் சேரியட் என்றாலோ முதலில் வருவது அதன் முரண்டுதான்.

டார்லிங் கண்டிப்புக்குப் பேர் போனவர். தொடக்கத்தில் சன் சேரியட்டைப் பார்த்துவிட்டு 'இது தேறாது' என்று அயர்லாந்துக்கே திருப்பி அனுப்ப முடிவு செய்துவிட்டார். போர்க்காலம் அல்லவா, அனுமதிக் காகிதம் வரத் தாமதமானது. அதற்குள் குதிரை தன் வேகத்தைக் காட்டிவிட்டது! 1941-ல் ஓடிய நான்கு பந்தயங்களிலும் வெற்றி.

பெண் குதிரை என்றாலே முரண்டு பிடிக்கும் என்று ஒரு பேச்சு அப்போதும் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வசந்த காலம் தொடங்கியதும் சுமார் 21 நாளைக்கு ஒரு முறை அவற்றுக்குப் பருவம் வரும். அந்த நாட்களில் சில சரியாகத் தின்னாது, சில தொட்டாலே உதைக்க வரும். பெரிய பந்தயங்களில் பலவும் மே, ஜூனில்தான்! ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 1904-ல் ஆயிரம் கினி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் மூன்றையும் வென்ற பிரெட்டி பாலிக்கு வேண்டியிருந்தது ஒரு துணை. லிட்டில் மிஸ்ஸஸ் என்ற குட்டைக் குதிரை கூடவே வந்தால் போதும். மொத்தம் ஓடிய 24 பந்தயங்களில் 22 வெற்றி.

சன் சேரியட்டுக்கு அப்படி எளிய மருந்து எதுவும் கிடைக்கவில்லை. 1942 ஏப்ரலில் சால்ஸ்பரியில் ஓட மனமில்லாமல் ஓடி மூன்றாவதாக வந்தது (வாழ்நாளில் அது தோற்றது அந்த ஒரு தடவைதான்). பிறகு மன்னரும் ராணியும் பயிற்சியைப் பார்க்க பெக்ஹாம்ப்டனுக்கு வந்த நாளில், பாதையை விட்டு விலகி உழுத வயலுக்குள் புகுந்து, முழங்காலில் விழுந்து காளை மாதிரிக் கத்தியதாம். மேலே உட்கார்ந்திருந்த ரிச்சர்ட்ஸின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்!

இத்தனைக்கும் நடுவில் ஆயிரம் கினி பந்தயத்தை நான்கு குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது.

அடுத்தது ஜூனில் ஓக்ஸ், ஒன்றரை மைல். அந்தக் காலத்தில் கதவு வைத்த கூண்டுகள் கிடையாது. பிரிட்டனில் அவை 1965-ல்தான் வந்தன. குதிரைகள் ஒரு நாடாவுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும், நாடா மேலே எழும்பினால் ஓட வேண்டும். சன் சேரியட் நிற்காமல் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டைக் கெடுத்தது. கடைசியில் நாடா எழும்பியபோது மற்றவை நேராக ஓட, இது இடது பக்கமாகத் தன் போக்கில் போனது. வேறு ஜாக்கியாக இருந்தால் சாட்டையை எடுத்திருப்பார். ரிச்சர்ட்ஸுக்கு அது எதிர்த்து நின்றுவிடும் என்று தெரியும். அதனால் வற்புறுத்தாமல் காத்திருந்தார். அதற்கே ஓட மனம் வந்ததும் ஒவ்வொன்றாகத் தாண்டி ஒரு நீளத்தில் ஜெயித்தது. அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம்.

மறுநாள் டெர்பியில் எல்லோரும் பணம் கட்டிய பிக் கேம் தோற்றது. வென்றது வாட்லிங் ஸ்ட்ரீட். செப்டம்பரில் செயின்ட் லெஜரில் அதே வாட்லிங் ஸ்ட்ரீட்டை சன் சேரியட் மூன்று நீளத்தில் தோற்கடித்தது. பிரெட்டி பாலி வென்ற அதே மூன்று பந்தயங்களும் இதற்கும் வந்து சேர்ந்தன. அதன் பிறகு பண்ணைக்குத் திரும்பிவிட்டது.

ரிச்சர்ட்ஸ் 4,870 வெற்றிகள் பெற்று, 1953-ல் சர் பட்டமும் வாங்கினார். 1954 ஜூலை 10-ல் சாண்டவுனில் அவர் ஓட்டிய லேண்டாவ், சன் சேரியட் ஈன்ற குட்டி. அவர் கடைசியாக ஓட்டிய பந்தயம் அதுதான். அன்றே அடுத்த பந்தயத்துக்குப் போகும்போது எலிசபெத் ராணியின் அபர்கெல்டி என்ற இளம் பெண் குதிரை முன்காலைத் தூக்கி நின்று, அவரைக் கீழே தள்ளி அவர் மேலேயே விழுந்தது. இடுப்பெலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. மறுபடி அவர் பந்தயத்தில் ஏறவில்லை.