பதினெட்டுப் பல்லா, இருபத்திரண்டா?

பேரன் தன் மலைச் சைக்கிளிலிருந்து கியரைக் கழற்றி எறிந்துவிட்டான். சேறு புகுந்து அந்தப் பின் கியர் மூன்று முறை வளைந்துவிட்டதாம். "ஒரே கியர் போதும் தாத்தா. உங்க காலத்து சைக்கிள்ல பின்னாடி எத்தனை பல்?" என்று கேட்டான். "பதினெட்டு" என்றேன். முன்னால் நாற்பத்து நாலு என்றதும் சிரித்தான். "அதை வச்சு எந்த மலை ஏறுறது?"

கேள்வி நியாயமானதுதான். நாம் மலை ஏறவில்லை, தள்ளிக்கொண்டுதான் போனோம். என் அப்பா வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற பாதையில் ஒரு மேடு உண்டு. அதன் அடியில் இறங்கி, உச்சி வரை ஹேண்டில்பாரில் சாய்ந்து தள்ளுவார். சைக்கிள் கடைக்காரர், "அண்ணே, இருபத்திரண்டு பல் ஃப்ரீவீல் போட்டுத் தர்றேன், உட்கார்ந்தே ஏறலாம்" என்று பல தடவை சொல்லியிருக்கிறார். அப்பா கடைசிவரை மாற்றவில்லை. ஏன் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரிந்த பிறகுதான் புரிந்தது.

அந்தக் கணக்கு சுவாரஸ்யமானது. செயின் இல்லாத காலத்துச் சைக்கிளில் பெடல் நேரே பெரிய முன்சக்கரத்திலேயே இருந்தது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமா, பெரிய சக்கரம் வாங்கு. கால் எட்டுகிற அளவுதான் எல்லை; ஐம்பது, அறுபது அங்குலம் வரை போனார்கள். 1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, செயினால் பின்சக்கரத்தை ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். பெரிய சக்கரம் போயிற்று, ஆனால் அதன் அங்குலக் கணக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தால் பெருக்க வேண்டும். நம் 28 அங்குலச் சைக்கிளில் 44-க்கு 18 போட்டால் 68 அங்குலம். அதாவது ஒரு முழு மிதிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் ஓடும். 22 பல் போட்டால் 56 அங்குலம், நாலரை மீட்டர்தான்.

மேட்டில் அது சுகம். ஆனால் சந்தைக்குப் போகிற பாதையில் மேடு கால் மணி நேரம், மற்றதெல்லாம் சமதரை. அந்தச் சமதரையில் ஐந்துக்கு ஒரு மிதி கூடுதலாக மிதிக்க அப்பாவுக்கு மனமில்லை. விடிவதற்குள் சந்தையில் இருந்தால்தான் விலை.

இதே சிக்கலை வெள்ளைக்காரர்கள் போட்டியில் எப்படித் தீர்த்தார்கள் என்று தேடினால், தீர்க்கவே விடவில்லை என்று தெரிகிறது. டூர் டி பிரான்ஸைத் தொடங்கி நடத்திய ஆன்றி டெக்ராஞ், கியர் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கே உரியது என்ற கருத்தில் 1902-லேயே எழுதியவர். (நாமெல்லாம் அந்தக் கணக்கில் தாராளமாகத் தேறுவோம்.) அதே நாட்டில் சாந்த் எத்தியென் ஊரில் 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவீ, பல கியர்தான் சைக்கிளின் எதிர்காலம் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார். போட்டியின் சாவி டெக்ராஞ் கையில் இருந்தது.

1910-ல் அவர் போட்டியைப் பிரனீஸ் மலைகளுக்குள் திருப்பினார். ஒரே நாளில் 326 கிலோமீட்டர், வழியில் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே உள்பட அடுத்தடுத்துக் கணவாய்கள், பாதி இடத்தில் சாலை என்ற பெயரில் ஆட்டுப்பாதை. அந்த ஆண்டு வென்ற ஒக்தாவ் லப்பீஸே மேட்டில் இறங்கித் தள்ளியிருக்கிறார். தூர்மலேயில் கால் ஊன்றாமல் ஏறியவர் என்று குஸ்தாவ் கரிகூவுக்கு நூறு பிராங்க் தனிப் பரிசு கொடுத்தார்கள். ஏறுவதற்கே பரிசு! உலகின் தேர்ந்த வீரர்களும் என் அப்பாவும் மேட்டில் செய்தது ஒன்றுதான் என்று அறிந்தபோது எனக்கு ஏனோ ஒரு திருப்தி.

பின்னாளில் வீரர்கள் பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பல் பூட்டிக்கொண்டார்கள். மலையடியில் இறங்கி, நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு ஏறுவார்கள். உச்சியில் மறுபடி அதே வேலை. குளிரில் விரல் மரத்தால் கதை முடிந்தது. வீரர்கள் எல்லோருக்கும் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான், டெக்ராஞ் உடல்நலம் குன்றி விலகிய பிறகு. ஒருவரின் பிடிவாதத்துக்கு எத்தனை பேரின் முழங்கால் விலை கொடுத்ததோ!

பேரன் ஓட்டுகிற மலைச் சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்கா. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மவுன்ட் தமல்பாயிஸ் என்ற மலை. (பெயரில் 'தமல்' இருப்பதற்கும் நமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) 1970-களில் அந்தப் பகுதி இளைஞர்கள், 1930, 40-களில் வந்த பருத்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான்களிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். ஒரே கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண்பாதை மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் 400 மீட்டர் இறங்குகிறது. கீழே வருவதற்குள் பின் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர். 1976 அக்டோபர் 21-ல் சார்லி கெல்லி அங்கே நடத்திய முதல் போட்டியில் ஆலன் பாண்ட்ஸ் ஜெயித்தார். காரணம், விழாமல் வந்தவர் அவர் ஒருவர்தான்.

இறங்குவது சரி, ஏறுவது? தள்ளிக்கொண்டோ, வண்டியில் ஏற்றிக்கொண்டோதான். 1974 டிசம்பரில் நடந்த ஒரு போட்டிக்கு கூப்பர்டினோவிலிருந்து வந்த சிலர் இதே தடித்த சைக்கிளில் கியர் பூட்டி வந்ததை இவர்கள் பார்த்தார்கள். கேரி ஃபிஷரும் தன் சைக்கிளில் கியர் போட்டார். அதன் பிறகுதான் மலைச் சைக்கிள் உண்மையில் மலை ஏறியது. 1977-ல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புது ஃபிரேம் கட்டினார்.

இத்தனை பாடுபட்டு வாங்கிய கியரை இப்போது பேரன் கழற்றுகிறான். அவனிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்கு வேற வழி இல்ல தாத்தா, எனக்கு இருக்கு" என்றான். பதில் சொல்லத் தோன்றவில்லை.

சாமான்களைத் தேர்வு செய்ய உட்கார்ந்தோம். 26 அங்குலச் சக்கரத்துக்கு முன்னால் 32, பின்னால் 16, அதாவது இரண்டுக்கு ஒன்று என்பது மலைச் சைக்கிள்காரர்களின் பழைய வழக்கம். 52 அங்குலம் வரும். இவனுடையது 29 அங்குலம். 32-க்கு 18 போட்டால் கிட்டத்தட்ட அதே 52. ஆக, பதினெட்டுப் பல் மறுபடி வீட்டுக்கு வந்தது.

தகராறு வேறு இடத்தில். நம் பழைய சைக்கிளில் பின் அச்சு உட்காரும் காடி நீளவாட்டில் இருக்கும். செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்குவோம். இவனுடையதில் காடி மேலிருந்து கீழாக, சக்கரம் ஒரே இடத்தில்தான் நிற்கும். கியர் மாற்றியின் ஸ்பிரிங்தான் செயினை இழுத்துப் பிடித்திருந்தது, அதைக் கழற்றியாயிற்று. ஒரு சின்ன டென்ஷனர் வாங்கிப் பூட்டினோம். முன் செயின் வீலையும் மாற்றச் சொன்னேன். பழையதன் பற்கள் செயினை நழுவவிட என்றே சீவப்பட்டவை. முன் பல்லும் பின் பல்லும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தது என் வேலை.

ஞாயிறு காலை மருதமலைப் பக்கம் கிளம்பிப் போனான். பத்து மணிக்கு போன் வந்தது. பாதி மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கிறானாம். பின்னால் இருபது பல் கிடைக்குமா என்று கேட்டான்.