எல்.சி.ஈ. படிப்பும் ஏலக்காய் ஸ்டோரும்

ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு மேலே, பட்டத்துக்குக் கீழே நிற்கும் பாலிடெக்னிக் டிப்ளமோ, தமிழ்நாட்டில் நூறாண்டு வேர் கொண்டது. 1916இல் சென்னையில் தொடங்கிய தொழிற்பள்ளியே 1946இல் மத்திய பாலிடெக்னிக் ஆனது. அன்று இத்தகுதிக்குப் பெயர் எல்.சி.ஈ., எல்.எம்.ஈ.; ‘எல்’ என்றால் லைசென்ஷியேட், ‘சி’ சிவில், ‘எம்’ மெக்கானிக்கல். சாலை போட்ட ஓவர்சியர்களில் பலர் இந்தப் படிப்புக்காரர்களே. இதைப் பாதிப் படிப்பு என்று நினைப்பது பெருந்தவறு.

ஏலக்காய் ஊரான போடிநாயக்கனூருக்குச் சற்றே அருகில் இப்படிப்பு வந்தது மதுரையில். தமிழ்நாடு பாலிடெக்னிக் 1946இல் அங்கே தொடங்கியது. ஆனால் 1928இல் போடிக்கு வந்த ரயில்பாதை போர்க்காலத்தில் பெயர்க்கப்பட்டிருந்தது. ஐம்பதுகளில்தான் மறுபடி போடப்பட்டது. அதுவரை மதுரைக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டரும் சாலைவழிதான். ஏலத்தோட்டக்காரர்களின் சங்கம் ஊரிலேயே கல்லூரி எழுப்பியபோதும் அது கலை, அறிவியல் கல்லூரியாகவே அமைந்தது.

போடிக்கு மேலுள்ள ஏலத்தோட்ட மலையிலோ தொழில்நுட்பம் ஏற்கெனவே இருந்தது, காயை உலர்த்தும் ஏலக்காய் ஸ்டோரில். அடுப்பில் விறகு எரிய, இரும்புக் குழாய் வழியே சூடு அறைக்குள் ஓடும். பறித்த காயில் 80 சதவீதம் வரை ஈரம். அதைச் சுமார் 10 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க 45 முதல் 55 டிகிரிக்குள் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் காய் வெடிக்கும், பச்சை மங்கும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். ஈரக்காற்று வெளியேறும் ஜன்னலை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதில்தான் நிறம் நிற்கிறது. மெக்கானிக்கல் டிப்ளமோவில் வெப்பப் பரிமாற்றம் என்று படிக்கும் பாடம் இது. ஸ்டோர்க்காரர் அடுப்பு வாயில் நின்றே கற்றார். ஆராய்ச்சி நிலையங்கள் பிறகுதான் வந்தன: 1956இல் பாம்பாடும்பாறை, 1978இல் மயிலாடும்பாறை, இரண்டும் இடுக்கிப் பக்கம்.

டிப்ளமோவின் மதிப்பு சட்டத்தாலும் கூடியது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1973இல் திருத்தப்பட்டு டிப்ளமோக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. படிப்பு முடித்தவருக்கு உதவித்தொகையோடு ஓராண்டுப் பயிற்சி கிடைத்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு, பிளஸ் டூ முடித்தவர் நேரே இரண்டாமாண்டு என்ற ஏற்பாடும் நிலைபெற்றது. ஐ.டி.ஐ.யை விட்டால், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிடச் சீக்கிரம் சம்பளம் தரும் தொழில்நுட்பப் படிப்பு அரிது.

2012இல் போடியில் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் இரண்டாமாண்டிலேயே சேரலாம் என்பதால், வெளியூரில் டிப்ளமோ பெற்ற மலையடிவாரத்துப் பிள்ளை சொந்த ஊர் திரும்பிப் பட்டம் படிக்கும் வழி அப்போதுதான் திறந்தது.